பூதத்தின் பூர்வீகம்

பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நான் மூன்று வருடம் தொடர்ந்து நரகாசுரன். ஆறாம் வகுப்பில் ஒரு தடவை, ஏழில் ஒரு தடவை, எட்டில் ஒரு தடவை. நடிப்பைப் பார்த்து யாரும் அந்த வேடத்தைக் கொடுக்கவில்லை. வகுப்பிலேயே நான்தான் உயரம், நான்தான் கறுப்பு. டீச்சர் வாசலில் நின்று வகுப்பை ஒரு சுற்றுப் பார்ப்பார், விரல் நேராக என்னிடம் வந்து நிற்கும். மேக்கப் செலவும் மிச்சம், மீசைக்கு மட்டும் கொஞ்சம் கண்மை போதும்.

எதிரே கிருஷ்ணன் வேடத்துக்கு வகுப்பிலேயே சிவப்பான பையன். அவனுக்கு மத்தியானத்திலிருந்தே நீலச் சாயம் பூச ஆரம்பித்துவிடுவார்கள். கிருஷ்ணன் என்றாலே கறுப்பன் என்றுதான் அர்த்தம் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கறுப்புச் சாமிக்கு ஒரு சிவத்த பையனைப் பிடித்துச் சாயம் பூசியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட அந்த நிறத்திலேயே ஒருவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது.

இதைப் பெரிய மனக்குறையாகச் சொல்லவில்லை. நரகாசுரனுக்குத்தான் கைதட்டல் அதிகம், விழுந்து சாகும்போது விசில் வேறு. ஆனால் பேய்ப்படம், பூதப்படம் எதைப் பார்த்தாலும் ‘இந்த வேடத்துக்கு இவரை எப்படிப் பிடித்தார்கள்?’ என்று யோசிக்கும் பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொண்டது.

எங்கள் வீட்டில் பழைய பூதப்படங்கள் வந்து சேர்ந்தது கேபிள் வழியாக. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ராத்திரி ஆனதும் பொம்மைகள் காணாமல்போய் அதே சேனலில் டிஎன்டி வந்துவிடும். எல்லாம் பழைய அமெரிக்கப் படங்கள். பிள்ளைகள் எழுந்து போய்விட, அப்பா ஈஸி சேரை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். 1933இல் வந்த ‘கிங் காங்’கை நாங்கள் பார்த்தது அப்படித்தான். அப்பாவுக்கும் இங்கிலீஷ் வசனம் பாதிதான் புரியும், எனக்குக் கால்வாசி. குரங்கு வருவதற்கு முன்னால் ஒரு தீவு வருகிறது. பெரிய மதில், முரசு, தீப்பந்தம், இறகு சூடிய ஒரு தலைவன். வெள்ளைக்காரக் கதாநாயகியைப் பார்த்ததும் அந்தத் தலைவன் அப்படியே நிற்பான். அப்புறம் கையை நீட்டிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கி வருவான். அப்பா சொன்னார்: “ஏல, அந்தத் தலைவன் வேசம் கட்டுதாம் பாரு, அவம் நடிப்புதாம்ல நடிப்பு.”

அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று படத்திலேயே ஒரு கணக்கு வருகிறது. சுமத்ராவுக்கு மேற்கே என்பார்கள். கப்பல் கேப்டன் தெற்கு 2 பாகை, கிழக்கு 90 பாகை என்று சொல்லும் இடத்திலிருந்துதான் தேடல் தொடங்குகிறது. பிறகொரு நாள் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். இந்து மகாசமுத்திரம். இலங்கையின் தென்முனையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கே வாழ்பவர்களாகப் படத்தில் வருகிறவர்களோ லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கத் துணை நடிகர்கள். தலையில் டோப்பா, உடம்பில் கோலம். சுமத்ராப் பக்கத்து மக்கள் எப்படி இருப்பார்கள் என்று ஸ்டுடியோவில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கறுப்பாக இருந்தால் போதும், தீவுக்காரர் ஆகிவிடலாம்.

அந்தத் தலைவனின் பெயர் நோபிள் ஜான்சன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

ஒரு மழைநாளில் ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ பார்த்துக்கொண்டிருந்தேன். 1932இல் வந்த படம். தீவில் தனியாக வாழும் ரஷ்யப் பிரபு ஒருவன் மனிதர்களை வேட்டையாடுகிறான். ‘கிங் காங்’ நாயகி ஃபே ரேதான் இதிலும் நாயகி. காடும் அதே காடுதான்: இரண்டு படமும் ஒரே ஸ்டுடியோவில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை, செட்டையும் பங்குபோட்டுக்கொண்டார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே விழுந்து கிடக்கும் பெரிய மரம் இரண்டிலும் வரும். பிரபுவுக்கு இவான் என்று ஓர் அடியாள், தாடி வைத்த கொசாக் (ரஷ்யக் குதிரைவீரர் கூட்டத்தைச் சேர்ந்தவன்), வாய் பேசமாட்டான். அவன் நிற்கிற நிற்பில் ஏதோ தெரிந்த சாயல். படத்தை நிறுத்தி நடிகர் பட்டியலைப் பார்த்தால், இவான்: நோபிள் ஜான்சன். மதிலுக்கு முன்னால் இறகு சூடி நின்ற அதே ஆள், அதே காட்டில், இந்தத் தடவை வெளிர்நிற மேக்கப்பில் வெள்ளைக்கார ரஷ்யனாக.

வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக நடித்த கதை எல்லோருக்கும் தெரியும். தலைகீழான இது ஒரு கறுப்பின நடிகருக்கு அந்தக் காலத்தில் வாய்த்திருக்கிறது. வாய்த்தது என்று சொல்லலாமா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அப்புறம் அவர் நடித்ததையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். 1932இல் ‘மர்டர்ஸ் இன் தி ரூ மோர்க்’ படத்தில் பைத்தியக்கார விஞ்ஞானியின் வேலைக்காரன். பட்டியலில் ‘கறுப்பன் ஜானோஸ்’ என்றே போட்டிருக்கிறார்கள். அதே வருடக் கடைசியில் வந்த ‘தி மம்மி’யில் ஓர் இங்கிலீஷ்காரர் வீட்டு வேலையாள், உயிர்பெற்ற மம்மி கண்ணைப் பார்த்ததும் அதற்கு அடிமையாகிவிடுவார். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, ‘நூபியன்’ (நைல் நதிக்கரை நூபியாக்காரன்) அவ்வளவுதான். அதற்கு முன்பு, 1924இன் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’தில் இந்திய இளவரசர். 1914 வாக்கில் கொலராடோவில் ஒரு படக் கம்பெனியின் நடிகர் அடிபட்டுவிட, மாற்று ஆளாகப் போய்ச் செவ்விந்தியராக நடித்ததுதான் அவருடைய தொடக்கம். 1950 வாக்கில் ஓய்வு பெறும்வரை செவ்விந்தியர் வேடம் அவரை விடவில்லை. அரபி, மெக்சிகன், தீவுக்காரன், ஜாம்பி. எல்லாம் வந்தன. பெரிய ஸ்டுடியோப் படங்களில் அமெரிக்காவில் வாழும் ஒரு சாதாரணக் கறுப்பின மனிதன் மட்டும் என் கண்ணில் படவில்லை.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவரோடு சின்ன வயதில் பழகிய ஒரு சிநேகிதன் பிற்பாடு பெரிய ஆளானான்: லான் சேனி. நோட்ர டாமின் கூனன், ஓபராவின் ஆவி என்று மௌனப்பட பூதங்களுக்கெல்லாம் தலைவர். சேனிக்கு உலகம் கொடுத்த பட்டம் ‘ஆயிரம் முகங்கள் கொண்ட மனிதர்’. தன் மேக்கப்பைத் தானே போட்டுக்கொள்வார், அந்தப் பெட்டி கூடப் புகழ்பெற்றது. சீனராக நடித்தார், பாராட்டினார்கள். ஒரே ஊரில் வளர்ந்த இரண்டு பையன்கள், இருவருக்கும் எண்ணற்ற முகங்கள். ஒருவருக்கு அது கலையாயிற்று, மற்றவருக்குப் பிழைப்பாயிற்று. நோபிள் ஜான்சனின் முகங்களை யாரும் எண்ணவில்லை.

“அந்தக் காலம் அப்படி, இன்றைய தராசில் அதை நிறுக்கலாமா?” என்று கேட்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு. சரி, அந்தக் காலத் தராசிலேயே நிறுப்போம். இதே நோபிள் ஜான்சன் 1916இல் தம்பி ஜார்ஜ் முதலியவர்களோடு சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார். கறுப்பின மக்களைப் பற்றி, கறுப்பினப் பார்வையாளர்களுக்காக, கறுப்பினத்தவர்களே நடத்திய கம்பெனியின் படங்கள். முதல் படத்தின் கதாநாயகன் கறுப்பினத்தவர்களுக்கான டஸ்கீகி கல்லூரியில் படித்த என்ஜினியர். எண்ணெய்க் கிணற்றில் வேலை கேட்டுப் போய், நிறத்தைக் காரணம் காட்டி விரட்டப்பட்டு, பிறகு முன்னுக்கு வருகிறான். யூனிவர்சல் ஸ்டுடியோவில் சில்லறை வேடங்களில் சம்பாதித்த பணத்தை ஜான்சன் இந்தக் கம்பெனியில் கொட்டினார். ஆக, எப்படி எடுக்கலாம் என்று அந்தக் காலத்துக்குத் தெரிந்துதான் இருந்தது.

முடிந்த விதத்தைக் கேளுங்கள். கறுப்பினத்தவர் வாழும் பேட்டைகளில் இருந்த தியேட்டர்களில் ஜான்சனின் லிங்கன் படங்களுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. அதே ஜான்சன் ஒரு மூலையில் நிற்கும் யூனிவர்சல் படங்களுக்கு அது போட்டியாயிற்று. லிங்கனை விட்டு விலகு என்று யூனிவர்சல் நெருக்கியது. 1918இல் விலகினார். 1921இல் கம்பெனியும் மூடப்பட்டது. முதல் படத்தின் பிரதிகூட இன்று கிடையாது. 1932இல் ‘நூபிய’னாக அவர் மம்மியின் முன்னால் கைகட்டி நிற்பதும் யூனிவர்சல் படத்தில்தான். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் பயம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

அந்த மம்மி யார் என்பது அடுத்த கதை.

போரிஸ் கார்லோஃப் என்றால் நம்மில் பலருக்கு உடனே ஞாபகம் வருவது ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம். தட்டைத் தலை, கழுத்தில் ஆணி, கனத்த இமைகள். ரஷ்யப் பெயராக இருக்கிறதே, ரஷ்யர் போல என்று நானும் நினைத்திருந்தேன். ரஷ்யாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட், பிறந்தது லண்டனில், 1887இல். அப்பா எட்வர்ட் ஜான் பிராட் இந்தியாவில் உப்பு வரி இலாகாவில் வேலை பார்த்தவர், ஆங்கிலோ இந்தியர். அம்மா வழியிலும் இந்திய ரத்தம் உண்டு. அம்மாவைப் பெற்ற பாட்டியின் அக்கா தங்கை உறவில் வருகிறவர் அன்னா லியோனோவன்ஸ், சயாம் அரசரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ‘தி கிங் அண்ட் ஐ’ கதைக்கு மூலமானவர். அந்த அம்மாள் வேல்ஸில் பிறந்தவள் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்தது அகமதுநகர். பூர்வீகத்தை மறைப்பது அந்தக் குடும்பத்தில் பரம்பரை வித்தை போலிருக்கிறது.

1930இல் காந்தி தண்டியில் உப்பள்ளினார், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். அதற்கு அடுத்த வருடக் கடைசியில் உப்பு வரி இலாகாக்காரர் மகன் அமெரிக்கத் திரையில் பூதமாக நடந்து வந்தார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

சகோதரர்களைப்போல அரசாங்க உத்தியோகத்துக்குப் போகவேண்டிய பையன் 1909இல் கனடாவுக்குக் கப்பலேறினான். மூட்டை தூக்கினான், லாரி ஓட்டினான், நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டான். கார்லோஃப் என்பது அம்மா வழிப் பெயர் என்று சொல்லிவந்தார். அதற்கு ஆதாரம் ஏதும் அகப்படவில்லை. வெயிலில் கறுத்ததுபோன்ற நிறம், குழிந்த கண்கள். மௌனப்பட காலத்தில் அவரைப் பார்த்ததும் ஸ்டுடியோக்காரர்களின் விரல் எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரபி, இந்தியர், மெக்சிகன், செவ்விந்தியர். எண்பது சொச்சம் படங்கள் இப்படி. அப்போதும் பூதமாகும்வரை யாருக்கும் பெயர் தெரியாது. பூதமான பிறகும் பாருங்கள், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ தொடக்கப் பட்டியலில் பூதத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும்தான். முதல் காட்சிக்கு அவரை அழைக்கக்கூட இல்லை.

‘தி மம்மி’யில் அந்தத் துணிச்சுற்று மேக்கப் போட ஏறக்குறைய 8 மணி நேரம். போட்டவர் ஜாக் பியர்ஸ், கிரேக்கத்திலிருந்து வந்தவர். இயக்கியவர் கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மன் படங்களில் பெயர் வாங்கிவிட்டு வந்த யூத ஒளிப்பதிவாளர். ஸ்டுடியோ முதலாளி கார்ல் லெம்லியும் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர். ஆக ஒரு சட்டகத்துக்குள் எத்தனை பூர்வீகங்கள்! இந்திய ரத்தம் ஓடும் ஒருவர் எகிப்தியராக, ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் நூபியராக, சுற்றிலும் நாடுவிட்டு வந்தவர்கள். இந்தப் படங்களில் பன்முகத்தன்மையே இல்லை என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இருந்தது ஐயா, கொட்டிக் கிடந்தது. மேக்கப்புக்குக் கீழே.

ஆனால் கார்லோஃபையும் ஜான்சனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கார்லோஃப் தன் பூர்வீகத்தை மறைக்க முடிந்தது, மறைத்தார், இங்கிலீஷ் கனவானாகவே வாழ்ந்து முடித்தார். 1933இல் படப்பிடிப்புக்காக லண்டன் திரும்பியபோது உத்தியோகத்தில் உயர்ந்திருந்த சகோதரர்கள் தன்னோடு நிற்க வெட்கப்படுவார்களோ என்று பயந்தாராம். அவர்களோ புகைப்படத்துக்கு யார் எங்கே நிற்பது என்று தள்ளுமுள்ளு செய்தார்கள். நடிப்பது கேவலமோ என்பதுதான் அங்கே பயம், நிறம் பேச்சிலேயே இல்லை. ஜான்சனுக்கு அந்த வசதி எங்கே? இவானாக ஒரு படத்தில் வெளுக்கலாம், அடுத்த மாதம் அதே காட்டில் இறகைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1932இல் கார்லோஃப் வேறொரு ஸ்டுடியோவுக்காக ‘தி மாஸ்க் ஆஃப் ஃபூ மாஞ்சு’வில் சீன வில்லன் ஆனார். ஆசியர்கள் திரண்டு வந்து வெள்ளையரை அழிப்பார்கள் என்ற பயத்தைப் பச்சையாக விற்ற படம். கண்ணை இழுத்து ஒட்டி, நகம் வளர்த்து, ரசித்துத்தான் நடித்திருக்கிறார். நடிப்பு எனக்குப் பிடிக்கிறது, பார்க்கக் கூச்சமாகவும் இருக்கிறது. ஆசிய ரத்தமுள்ள ஒருவர், ஆசியரைப் பூதமாக்கும் வேடத்தில். பின்னால் மிஸ்டர் வாங் என்ற சீனத் துப்பறிவாளராக ஐந்து படம் நடித்தார். ஆறாவது படம் 1940இல் வந்தபோதுதான் குவாங்சோவில் பிறந்த கே லூக் என்ற நடிகருக்கு அந்த வேடம் கிடைத்தது. வரிசையும் அதோடு நின்றுபோனது.

‘ரூ மோர்க்’ படத்தின் குரங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தத் தோலுக்குள் இருந்தவர் சார்லஸ் ஜெமோரா, பிலிப்பைன்ஸில் பிறந்து, பதின்வயதில் திருட்டுத்தனமாகக் கப்பலேறி வந்தவர். ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்து படம் வரைந்து விற்றவரைச் சிற்ப வேலைக்கு உள்ளே எடுத்தார்கள். பிறகு கொரில்லா உடையைத் தானே செய்து, தானே போட்டு நடித்தார். உயிர்க்காட்சிச் சாலையில் மணிக்கணக்காக நின்று கொரில்லாவின் நடையைக் கற்றவர். குள்ளமான ஆள், ஆனால் அவருடைய கொரில்லா தோளை உயர்த்தினால் அறையே சின்னதாகிவிடும். (அந்தப் படத்தில் கிட்டக் காட்சிகளுக்கு மட்டும் நிஜச் சிம்பன்சியின் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். படம் கெட்டதே அதில்தான்.) 1930இல் ‘இங்காகி’ என்று ஒரு மோசடிப் படம், காங்கோவில் எடுத்த ஆவணப்படம் என்று சொல்லி, ஆப்பிரிக்கப் பெண்களைக் கொரில்லாவுக்கு நேர்ந்துவிடுகிறார்கள் என்று காட்டிக் காசு பார்த்தது. அதன் கொரில்லாவும் ஜெமோராதான். நான்தான் உள்ளே இருந்தேன் என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அதன் குட்டை உடைத்தார். பூதம் வாயைத் திறந்து உண்மை சொன்ன சம்பவம் சினிமா வரலாற்றில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

‘கிங் காங்’கில் சார்லி என்ற சீனச் சமையல்காரர் ஒருவர் வருவார், விக்டர் வாங் நடித்தது. நாயகியைத் தீவுக்காரர்கள் தூக்கிப்போன தடயத்தைக் கப்பலில் முதலில் கண்டுபிடிப்பது அவர்தான். நானும் தேட வருகிறேன் என்று கிளம்புவார். இது சமையல்காரன் செய்கிற வேலையில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அரை நிமிடம்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அங்கே படம் கொஞ்சம் நின்றுவிடும்.

இந்த வரிசையில் கடைசியாக ஒருவர். 1968இல் பிட்ஸ்பர்க் பக்கம், ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் சில இளைஞர்கள் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. இயக்கம் ஜார்ஜ் ரொமேரோ. செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள், ஒரு பண்ணைவீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நாயகன் பென். எழுத்தில் அவன் ஒரு முரட்டு லாரி டிரைவர், நிறம் குறிப்பிடப்படவில்லை. வந்து நடித்துக் காட்டியவர்களில் டுவேன் ஜோன்ஸ் நன்றாகச் செய்தார், எடுத்துக்கொண்டார்கள். ஜோன்ஸ் படித்த மனிதர், முரட்டு வசனத்தை எல்லாம் தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார். கதையில் அவன் நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பலகையை ஆணியடிக்கிறான், ரேடியோவைத் திருப்புகிறான், பயந்த வெள்ளைக்காரன் ஒருவனோடு சண்டை போடுகிறான்.

நான் கவனித்தது வேறொன்று. அந்தப் படத்தில் முகத்தில் மேக்கப் அப்பிக்கொண்டு தள்ளாடி வருகிறவர்கள் எல்லாம் உள்ளூர் வெள்ளைக்காரர்கள். மேக்கப் இல்லாமல், தன் முகத்தோடு, தன் குரலில் பேசிக்கொண்டு நடுவில் நிற்பவர் டுவேன் ஜோன்ஸ். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் நோபிள் ஜான்சன் நின்ற இடத்திலிருந்து இங்கே வந்து சேர இவ்வளவு நாள். விடிகிறது. பென் மட்டும் பிழைத்திருக்கிறான். துப்பாக்கியோடு வரும் ஊர்க்கூட்டம் ஜன்னலில் ஓர் உருவத்தைப் பார்த்து, செத்த பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. கொக்கியால் இழுத்துப்போய்க் கட்டையில் போட்டுக் கொளுத்துவதை அசையும் படமாக இல்லாமல், செய்தித்தாளில் வரும் புள்ளிபுள்ளியான புகைப்படங்களாகக் காட்டுகிறார்கள். முடிந்த பிரதியோடு ரொமேரோ நியூயார்க்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி ரேடியோவில் வந்தது.

போன பொங்கலுக்குப் பாளையங்கோட்டை போயிருந்தபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு. ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் அப்பா நம் நாட்டு உப்பு வரி இலாகாவில் இருந்தார் என்றதும் சத்தமாகச் சிரித்தார். ஜெமோரா கதையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். மறுநாள் நான் பஸ் ஏறின பிறகு போன் வந்தது.

“ஏல, அந்தத் தலைவன் வேசம் கட்டினாம்லா, அவம் பேரு என்ன சொன்ன?”

“நோபிள் ஜான்சன்ப்பா.”

“இரு, பேனா எடுக்கேன். மொள்ளச் சொல்லு.”